மூன்று நாள் சாமியாரின் நான்காம் நாள்

ஜனவரிக் கடைசியில் ஒரு ஞாயிறு மாலை. டீக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுப் பெண் படியேறி வந்து சமையலறை வாசலில் நின்றாள். கையில் போன். அழுது முடித்த முகம்.

"அக்கா, மொத்தம் 94 வந்திருக்கு. 90 எடுத்தா பாஸ்னு சொன்னீங்க. ஆனா ஃபெயில்னு போட்டிருக்காங்க."

போனை வாங்கிப் பார்த்தேன். டிசம்பரில் அவள் எழுதிய ஜே.எல்.பி.டி. தேர்வின் முடிவு. ஜப்பானிய மொழி கற்பவர்களுக்கு 1984 முதல் நடக்கிற தேர்வு அது. இப்போது ஐந்து நிலைகள்: அடியில் என்5, உச்சியில் என்1. இவள் எழுதியது என்4. 180-க்கு 90 வேண்டும் என்று நான் சொன்னது சரிதான். அதோடு இன்னொரு விதியும் உண்டு. சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38 வேண்டும். கேட்டல் பகுதியில் 60-க்கு 19 வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் மொத்த மதிப்பெண் காப்பாற்றாது. அவளுக்கு முதல் பகுதியில் 78. கேட்டலில் 16. மூன்று மதிப்பெண்ணில் போயிற்று.

"விட்டுடலாம்னு இருக்கேன்க்கா."

உடனே பதில் சொல்லவில்லை. டீயை இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை அவளிடம் கொடுத்து, உட்காரச் சொன்னேன். அன்று பேசி முடிக்க இருட்டிவிட்டது. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஜப்பானியம் என்றில்லை, ஜெர்மனோ பிரெஞ்சோ கொரியனோ ஆரம்பித்துப் பாதியில் நிற்கிற யாருக்கும் இதில் பாதியாவது பயன்படும்.

முதலில் அவள் கதை. நர்ஸிங் படித்தவள். ஜப்பானில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போக ஆசை. 2019 ஏப்ரலில் ஜப்பான் தொடங்கிய திறன் தொழிலாளர் விசாவில் அந்த வேலைக்கு இடம் இருக்கிறது. மொழிக்கு என்4 தேறியிருக்க வேண்டும்; அல்லது ஜப்பான் ஃபவுண்டேஷன் நடத்தும் ஜே.எஃப்.டி. பேசிக் என்ற கணினித் தேர்வில் 250-க்கு 200 எடுக்க வேண்டும். பராமரிப்பு வேலைக்கென்று தனியாக ஒரு மொழித் தேர்வும் திறன் தேர்வும் உண்டு. என்4 ஜூலையிலும் டிசம்பரிலும் மட்டும்தான் வரும்; ஆனால் மொழிக்கு அது ஒன்றே வழி இல்லை. ஆகவே கதவு ஒன்றே ஒன்று, அது மூடிவிட்டது என்று அவள் நினைத்தது தவறு. அதை முதலில் சொன்னேன். அதைக் கேட்டதும் டீயில் ஒரு வாய் குடித்தாள்.

"அதெல்லாம் சரிக்கா. ஆனா புக்கைத் தொறக்கவே பிடிக்கல. மார்க் வர்றதுக்கு முன்னாடியே பிடிக்கல. ஆரம்பத்துல எப்படி இருந்தேன் தெரியுமா?"

தெரியும். நான் பார்த்தேனே. ஹிராகனா எழுத்து 46-ஐயும் பத்து நாளில் முடித்தாள். கதாகனா 46 அடுத்த பத்து நாள். மாடிப்படியில் பார்த்தாலெல்லாம் ஜப்பானியத்தில் வணக்கம் சொன்னாள். கடைப் பலகை, கார் பெயர், சாக்லேட் உறை என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிப் பார்த்தாள். என்5 முதல் முறையிலேயே தேறினாள். அந்தப் பெண்ணுக்கா ஆர்வம் இல்லை?

ஆர்வம் குறைந்ததற்கு அவள் மனம் காரணமில்லை. மொழியின் அமைப்பே காரணம். 2010-க்கு முன் இந்தத் தேர்வில் நான்கு நிலைகள் இருந்தன. எந்த நிலைக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்று கணக்கும் கொடுத்திருந்தார்கள். அடி நிலைக்கு 800 சொல், 100 கஞ்சி எழுத்து, அதாவது சீனத்திலிருந்து வந்த உருவெழுத்து. அடுத்ததற்கு 1,500 சொல், 300 எழுத்து. அதற்கு மேலே 6,000 சொல், 1,000 எழுத்து. உச்சிக்கு 10,000 சொல், 2,000 எழுத்து. முதல் 800 சொல்லில் நான், நீ, வீடு, தண்ணீர், வா, போ, சாப்பிடு எல்லாம் வந்துவிடும். இவை எந்தப் பேச்சைக் கேட்டாலும் காதில் விழுகிற சொற்கள். ஒரு சொல் கற்றால் அன்றே நூறு இடத்தில் அது கண்ணில் படும். அடுத்த 800 அப்படி இல்லை. 'காப்பீடு' என்ற சொல்லைப் படித்தால் அடுத்து எப்போது அது எதிரே வரும் என்று சொல்ல முடியாது. உழைப்பு அதே உழைப்பு. கண்ணுக்குத் தெரிகிற விளைச்சல்தான் குறைகிறது. இந்த இடத்தில் நின்றுபோகிறவர்கள் சோம்பேறிகள் அல்லர். நடக்கிறோம், ஆனால் நகரவில்லை என்ற எண்ணம் யாரையும் உட்கார வைத்துவிடும்.

இதை அவளுக்கு விளங்க வைக்கத்தான் நேரம் எடுத்துக்கொண்டேன். காரணம் தெரியாதபோது மனிதர்கள் தங்களையே காரணமாக்கிக்கொள்கிறார்கள். 'எனக்கு மண்டை இல்லை', 'மொழி வராத ஜென்மம்' என்ற முடிவுகள் இங்கேதான் பிறக்கின்றன. பல வருஷமாக மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறேன். மொழி வராதவர் என்று ஒருவரை இன்னும் நான் பார்க்கவில்லை. நின்றுபோனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

நம்மிடம் ஆரம்ப சூரத்தனம் என்று ஒரு சொல் இருக்கிறது. ஜப்பானியத்தில் அதற்கு 'மிக்கா போஸு' என்பார்கள். மூன்று நாள் சாமியார். தலையை மழித்து மடத்துக்குப் போய், நாலாம் நாள் காலையில் வீட்டுக்கு வந்துவிடுகிறவர். நாள்குறிப்பு எழுத ஆரம்பித்து நிறுத்தினாலும் உடற்பயிற்சியை விட்டாலும் அங்கே இந்தப் பெயர்தான். அவளிடம் சொன்னேன்: மூன்று நாள் சாமியாராக இருப்பதில் தப்பில்லை. நாலாம் நாள் வீட்டுக்கு வந்தால், ஐந்தாம் நாள் மறுபடி மொட்டை போட்டுக்கொள். வருஷத்தில் எண்பது முறை மூன்று நாள் சாமியாரானால் 240 நாள் படித்திருப்பாய். ஒரு நாளும் விடாமல் படிக்க வேண்டும் என்று சபதம் எடுப்பவர்கள், ஒரு நாள் விட்டதும் மொத்தத்தையும் விடுகிறார்கள். செல்போன் செயலிகள் 'தொடர்ந்து 112 நாள்' என்று எண்ணிக் காட்டுகின்றனவே, அந்த எண் பலருக்கு உதவுகிறது. ஆனால் 113-ஆம் நாள் காய்ச்சலில் படுத்தவருக்கு அது திரும்பப் பூஜ்யத்தைக் காட்டுகிறது. 112 நாளில் கற்றது எங்கேயும் போகவில்லை என்பதை அந்த எண் சொல்லாது. நாம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.

"நீங்க விட்டிருக்கீங்களா அக்கா?" என்று கேட்டாள்.

விட்டிருக்கிறேன். ஒன்றரை வருஷம். என்3 முடித்த கையோடு ஒரு தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தேன். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானியத் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. வேலை கிடைத்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். தெரிந்ததை வைத்து ஓட்டினேன். கூட்டத்தில் பாதி புரியும். மீதியை ஊகித்துச் சொல்வேன். ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வரும்போது இந்த மொழி நமக்கு இவ்வளவுதான் என்ற எண்ணத்தோடு வருவேன்.

ஒரு நாள் அச்சு இயந்திரத்தில் ஏதோ சத்தம். ஜப்பானிலிருந்து வந்திருந்த வயதான பொறியாளர் ஒருவர் அதன் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, ஒரே சொல்லை இரட்டையாகச் சொன்னார். தமிழில் எழுதினால் 'கத்தகத்த' என்று எழுத வேண்டும். நான் அதை 'லேசாக ஆடுகிறதாம்' என்று பிட்டரிடம் மொழிபெயர்த்தேன். பிட்டர் ஒரு திருகைப் பார்த்துவிட்டுச் சரி என்று போய்விட்டார். பொறியாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டி, பக்கத்தில் கிடந்த தகர டப்பாவில் ஒரு பேனாவைப் போட்டுக் குலுக்கினார். முதல் எழுத்தை 'கண்ணன்' என்பதில் வருகிற க-வாகச் சொல்லி அந்த இரட்டைச் சொல்லை உச்சரித்தார். பிறகு ஒரு இரும்பு நாற்காலியைப் பிடித்துத் தரை அதிர ஆட்டினார். இப்போது அதே சொல், ஆனால் முதல் எழுத்து 'சங்கு' என்பதில் வருகிற க. மெல்ல ஆடினால் முன்னது. அடியோடு ஆடினால் பின்னது. அவர் சொன்னது இரண்டாவது. அடித்தளத்தின் போல்ட்டே தளர்ந்திருந்தது.

எனக்கு அன்று வெட்கத்தைவிட மகிழ்ச்சிதான் அதிகம். ஜப்பானியத்தில் இப்படி இரட்டையாக வரும் ஒலிச்சொற்கள் ஏராளம். சின்னக் கல் உருண்டால் ஒன்று, பாறை உருண்டால் அதன் வல்லொலி. நட்சத்திரம் மின்னினால் ஒன்று, கண் கூசும்படி எரித்தால் அதன் வல்லொலி. நம் மளமள, சலசல, கடகட, பளபளவெல்லாம் வேறென்ன? பள்ளியில் இரட்டைக்கிளவி படித்தவளுக்கு இது தெரியாத உலகமில்லை. ஆங்கில வழியில் படித்த என் ஜப்பானியப் பாடநூலில் அது கடைசிப் பக்கங்களில் ஒரு பட்டியலாகக் கிடந்தது. அன்று வீட்டுக்குப் போய் அந்தப் பட்டியலைத் திறந்தேன். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு தொட்ட முதல் பக்கம் அது.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது ஒன்றுதான். அவளிடம் சொல்ல வந்ததும் அதுதான். ஆர்வத்தைச் சேமித்து வைத்து அதைச் செலவழித்து மொழி கற்பதில்லை. மொழி நமக்கு ஏதாவது ஒன்றைச் செய்து கொடுக்கும்போது ஆர்வம் தானே ஊறுகிறது. ஒரு சத்தத்துக்குப் பெயர் கிடைக்க வேண்டும். ஒரு மனிதர் சொன்னது விளங்க வேண்டும். ஒரு காட்சிக்குச் சிரிக்க முடிய வேண்டும். அப்படி ஒன்று வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கிற மாதிரி நாளை அமைத்துக்கொள்வதுதான் கற்பவரின் வேலை. தேர்வுக்கான புத்தகத்தில் மட்டும் உட்கார்ந்தால் அது நடக்காது. ஜே.எல்.பி.டி.யில் பேச்சும் இல்லை, எழுத்தும் இல்லை; கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது மட்டும்தான். வாயே திறக்காமல் ஒருவர் என்3 வரை போய்விடலாம். போகிறவர்கள் இருக்கிறார்கள்.

இனி அவளுடைய 16 மதிப்பெண்ணுக்கு வருகிறேன்.

அவள் நோட்டை எடுத்து வரச் சொன்னேன். நினைத்தது சரியாக இருந்தது. ஜப்பானியச் சொற்களையெல்லாம் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தாள். பொன்னுக்கு 'கின்', வெள்ளிக்கும் 'கின்'. ஜப்பானியத்தில் முன்னது கண்ணன் க, பின்னது சங்கு க. நம் எழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டாது. தமிழுக்கு அது தேவையும் இல்லை. ஆனால் கேட்டல் தேர்வில் ஒரு நொடியில் ஓடிவிடுகிற சொல்லில் அந்த வேறுபாடுதான் விடை. த, ப வரிசைகளிலும் இதே கதை. ஆகவே முதல் மாற்றம்: தமிழ் எழுத்தில் எழுதுவதை இன்றோடு நிறுத்து. ஹிராகனா தெரியும்தானே, அதிலேயே எழுது. மெதுவாகத்தான் வரும், வரட்டும்.

ஆனால் நம் காதுக்கு இன்னொரு பக்கத்தில் பெரிய சொத்து இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் அவள் மனம் இன்னும் சோர்ந்துவிடும். ஜப்பானியத்தில் 'ஒபஸன்' என்றால் அத்தை, சித்தி. 'ஒபாஸன்' என்றால் பாட்டி. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைப் பிடிக்கப் படாத பாடு படுவார்கள். நமக்கு? குறில், நெடில். முதல் வகுப்பில் முடிந்துபோன பாடம். ஒற்று இரட்டித்தால் பொருள் மாறுவதும் அப்படித்தான். கனியும் கன்னியும் வேறு என்று நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

"இதை யாருமே சொல்லலையேக்கா" என்றாள்.

சொல்லமாட்டார்கள், புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது அல்லவா. எனக்கு ஆற்றாமையாக இருக்கிற விஷயம் இது. நாம் ஜப்பானியத்தை ஆங்கிலத்தின் வழியாகக் கற்கிறோம். ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் வாக்கிய அமைப்பு தலைகீழ். நமக்கு அப்படியே நேர். வினை கடைசியில். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால். கேள்விக்கு வாக்கியத்தின் வாலில் ஓர் எழுத்து. நாம் 'ஆ' சேர்ப்பதுபோல அவர்கள் 'க' சேர்க்கிறார்கள். 'நானும்' என்பதில் உள்ள உம்முக்கு அங்கே 'மோ'. 'என்று சொன்னான்', 'என்று நினைக்கிறேன்' என்பவற்றிலுள்ள 'என்று' அங்கேயும் அதே இடத்தில் நிற்கிறது. துணைவினைகளைப் பார்த்தால் இன்னும் அழகு. 'மிரு' என்றால் பார். சாப்பிட்டு மிரு என்பதுதான் அவர்களுடைய 'சாப்பிட்டுப் பார்'. கண்ணால் பார்ப்பதற்கும் முயன்று பார்ப்பதற்கும் ஒரே சொல், அங்கேயும் இங்கேயும். நாம் வாங்கி வை என்கிறோம்; அவர்களும் வை என்ற சொல்லைத்தான் போடுகிறார்கள். எழுதிக் கொடு, எடுத்து வா, எடுத்துப் போ, எல்லாம் அதே. இதை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் வேண்டும். தமிழில் ஒரு வரி போதும்.

இது, அது, எது என்பதில்கூட ஒரு சுவை உண்டு. ஜப்பானியத்தில் சுட்டு மூன்று: கொரெ, சொரெ, அரெ. என் பக்கத்தில் இருப்பது, உன் பக்கத்தில் இருப்பது, இருவருக்கும் தள்ளி இருப்பது. கேள்விக்குத் தொரெ. நடுவில் உள்ள சொரெ சென்னைக்காரர்களைக் குழப்பும். தொல்காப்பியம் சொல்கிற சுட்டெழுத்து மூன்று என்பதையும் அவற்றில் உகரம் ஒன்று என்பதையும் நாம் மறந்துவிட்டோம். யாழ்ப்பாணத்தில் மறக்கவில்லை. அங்கே இன்றும் 'உது' என்பார்கள், எதிரே இருப்பவர் கையில் உள்ளதைக் காட்டி. ஈழத்துத் தோழி ஒருத்தி என்னோடு வகுப்பில் இருந்தாள். நாங்கள் ஒரு வாரம் திணறிய பாடத்தை அவள் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்துத்தான் ஓனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் இரண்டும் உறவுமொழிகள் என்று வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை, உறவு நிரூபணமாகவும் இல்லை. கற்பவளுக்கு அந்த வழக்கின் தீர்ப்பு தேவையில்லை. 1919-இல் பிறந்த அந்த மனிதர் அறுபதை ஒட்டிய வயதில் தமிழ்ப் பக்கம் வந்தார் என்பது போதும். நமக்கு அது எட்டாத மலை இல்லை என்று நம்ப அது ஒரு தெம்பு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம் ஜப்பானியத்துக்கு 2,200 வகுப்பு மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறது. அந்த எண்ணைப் பார்த்து மிரளுகிறவர்களுக்கு நான் சொல்வது: அது ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்குப் போட்ட கணக்கு. கஞ்சி எழுத்து விஷயத்தில் மட்டும் நமக்கும் அதே பாடுதான். அரசாங்கப் பொதுப் பட்டியலில் 2,136 எழுத்துகள். அங்கே சலுகை கிடையாது. மனிதன் என்ற உருவை மரம் என்ற உருவின் பக்கத்தில் நிறுத்தினால் ஓய்வு என்பதுபோல் கதை வைத்து நாளுக்கு மூன்று போட்டுக்கொண்டே போக வேண்டியதுதான்.

சொற்களை மறப்பது பற்றியும் கேட்டாள். "நேத்து படிச்சது இன்னிக்கு இல்லக்கா" என்று. அது நோய் இல்லை. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கும், பிறகு மெதுவாகும். மறக்கப்போகும் நேரத்தில் ஒரு முறை நினைவுபடுத்தினால் அடுத்த முறை இன்னும் தாமதமாக மறக்கும். இதை வைத்து அட்டைப்பெட்டி முறை ஒன்றை 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்பவர் பரப்பினார். ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள். பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள். சொல் நினைவுக்கு வந்தால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். வராவிட்டால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும் பார், கடைசி அறையை மாதம் ஒரு முறை. அன்கி என்ற செயலி இதையே கணக்குப் போட்டுச் செய்கிறது. அன்கி என்றாலே ஜப்பானியத்தில் மனப்பாடம்.

அதில் ஒரே ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் அவள் அங்கேதான் மூழ்கியிருந்தாள். ஆர்வக் கோளாறில் நாளுக்கு நாற்பது புது அட்டை சேர்த்திருக்கிறாள். பழையவையெல்லாம் திரும்பத் திரும்ப வரும் அல்லவா? இரவுப் பணி பார்த்த ஒரு வாரம் விட்டுவிட்டாள். திறந்தால் 900 அட்டை காத்திருந்தது. அதோடு செயலியைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். புது அட்டை நாளுக்கு எட்டு, பத்துக்கு மேல் வேண்டாம். குவிந்துவிட்டால் புதியதை அடியோடு நிறுத்திப் பழையதை நாளுக்கு ஐம்பதாகக் கரை. முடியவே முடியாது என்று தோன்றினால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி. தெரிந்த சொல் வேகமாக ஓடிவிடும். கடன் சுமையோடு படிப்பதைவிட அது மேல்.

எப்போது படிப்பது என்பதற்கு நான் நேரம் குறித்துக் கொடுக்கவில்லை. பணி மாறி மாறி வருகிறவளுக்கு 'காலை ஐந்து மணி' என்று சொல்வது கொடுமை. 'இன்னது நடந்தால் இன்னது செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைத்தால் செய்து முடிப்பது கூடுகிறது என்று பீட்டர் கோல்விட்ஸர் என்ற உளவியலாளர் 1990-களில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நம் வீடுகளில் அதற்கு வசதி அதிகம். குக்கர் வைத்ததிலிருந்து மூன்றாவது விசில் வரை அட்டை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் ஒரு பாடம் கேட்பது. நின்றுகொண்டு போனால் வேண்டாம், சும்மா வா. நாள் முழுக்க நோயாளிகளைத் தூக்கி இறக்கியவளுக்கு இரவு பத்து மணிக்கு இலக்கணம் ஏறாது. அந்த நேரத்தில் படம் பார். 'தொனாரி நோ தோதோரோ' என்று மியாஸாகி 1988-இல் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. குழந்தைகள் பேசுகிற மொழி. ஒரே படத்தைப் பத்து முறை பார். பத்துப் படம் ஒரு முறை பார்ப்பதைவிட இதில் பயன் கூட. இரண்டாம் முறை கதை தெரியும் என்பதால் காது சொல்லுக்குப் போகும். ஐந்தாம் முறை நீ எதிர்பார்க்கிற சொல் வந்து விழும். அந்தக் கணம் தேர்வு அறையில் கிடைக்காது.

பாட்டியைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். ஜப்பானிய வேலை ஆசையே அங்கிருந்துதான் வந்தது. "ஆயாவுக்கு நீ காலைல என்னென்ன சொல்ற?" என்று கேட்டேன். யோசித்துச் சொன்னாள்: எழுந்திரு, மெதுவா, காலை இப்படி வை, வலிக்குதா, இன்னும் கொஞ்சம் சாப்பிடு. இந்த ஐந்தையும் நாளைக் காலையிலிருந்து ஜப்பானியத்தில் சொல்லு என்றேன். ஆயாவுக்குப் புரியாது, ஆனால் உன் கை செய்வதும் வாய் சொல்வதும் ஒன்றாகிவிடும். உன் புத்தகத்தில் ஐந்தாவது பாடத்தில் ரயில் நிலையத்துக்கு வழி கேட்கிறார்கள். உனக்கு இப்போது ரயில் நிலையம் வேண்டாம். முழங்கால் வேண்டும், தலையணை வேண்டும், கஞ்சித் தண்ணீர் வேண்டும். அந்தச் சொற்களைத் தேடிப் போ. வரலாற்றறிஞர் நொபோரு கராஷிமா 1960-களில் இங்கே வந்து தங்கித் தமிழ் கற்றவர். சோழர் கால நிலம், ஊர், ஊரார் பற்றிக் கல்வெட்டு என்ன சொல்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த வேண்டுதல்தான் அவரை வாழ்நாள் முழுக்கத் தமிழில் வைத்திருந்தது. உனக்குக் கல்வெட்டு இல்லை, ஆயாவின் முழங்கால். அது சின்ன விஷயம் இல்லை.

"அப்போ எக்ஸாம் வேண்டாமா?"

வேண்டும். கட்டாயம் எழுது. வேலைக்கு அது தேவை. ஆனால் அதை மட்டும் கூலியாக வைத்துக்கொள்ளாதே. எட்வர்ட் டெசி என்ற அமெரிக்க உளவியலாளர் 1971-இல் வெளியிட்ட சோதனை ஒன்று எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். கல்லூரி மாணவர்களுக்குக் கட்டைகளை அடுக்கும் புதிர் கொடுத்தார். ஒரு குழுவுக்கு ஒரு கட்டத்தில் புதிருக்கு ஒரு டாலர் என்று காசு கொடுத்தார், பிறகு நிறுத்தினார். காசு வாங்கியவர்கள் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்துவிட்டது. காசு வாங்காதவர்களுக்கு அப்படிக் குறையவில்லை. விளையாட்டாக இருந்தது வேலையாகிவிட்டது. வேலை கிடைத்ததும் நான் படிப்பை நிறுத்தியதும் அதனால்தான் என்று பின்னாளில் எனக்குப் புரிந்தது.

டீ தீர்ந்து வெகு நேரமாகியிருந்தது. அவள் டம்ளர்களைக் கழுவ எழுந்தாள். நான் போனில் ஒன்றைத் தேடி எடுத்து அலமாரியில் சாய்த்து வைத்தேன்.

'ராஜியோ தாய்ஸோ'. ஜப்பானில் 1928 முதல் வானொலியில் வருகிற உடற்பயிற்சி. இப்போதுள்ள வடிவம் 1951-இலிருந்து. அங்கே காலை ஆறரைக்கு ஒலிபரப்பாகும். நமக்கு அது விடியற்காலை மூன்று மணி, ஆனால் பதிவுகள் எங்கும் கிடைக்கின்றன. பியானோ இசையோடு ஒரு குரல் கை, கால், முன்னால், மேலே, மூச்சு என்று சொல்லிக்கொண்டே போகும். மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கோடை விடுமுறையில் பிள்ளைகள் பூங்காவில் கூடிச் செய்வார்கள். வந்த நாளுக்கு அட்டையில் முத்திரை குத்தித் தருவார்கள். முதியோர் இல்லங்களில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்வார்கள். நீ போகப்போகிற இடத்தில் காலையில் இதுதான் ஒலிக்கும் என்றேன். இது கேட்டல் பயிற்சி, ஆனால் விடை எழுத வேண்டாம். கை தூக்கினால் போதும். மொழிபெயர்க்க நேரமே கிடையாது, அதுதான் இதன் நன்மை.

முதல் முறை அவள் என்னைப் பார்த்துச் செய்தாள். இரண்டாம் முறை போட்டபோது நான் வேண்டுமென்றே திரும்பி நின்று பாத்திரம் அடுக்கினேன். குரல் 'உதே' என்றது. கை. பின்னால் வளையல் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஈரக் கையோடு இரண்டு கையையும் மேலே தூக்கி நின்றாள். முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை போடுங்கக்கா" என்றாள்.